இடதுகை ஊசி

ஜூலை 5, சனி

பிளஸ் ஒன் வந்துவிட்டால் பொறுப்பு வர வேண்டுமாம். அம்மா சொல்கிறாள். "பருப்பு வந்திருச்சு, பொறுப்பும் பின்னாடியே வரும்" என்றேன். கரண்டி பறந்து வந்தது. எனவே இன்று முதல் டைரி எழுதுகிறேன். பொறுப்பு வந்துவிட்டது என்பதற்கு ஒரு சாட்சி வேண்டுமே.

என் பெயர் மிருதுளா. "பேருல மட்டுந்தான் மிருது" என்பார் ஜக்கரியா மாஸ்டர். எங்கள் கம்பெனியில் துணி வெட்டுகிறவர். என் வாயை வெட்டத்தான் அவரிடம் கத்தரி கிடையாது.

கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். திருப்பூரில் ஒரு கூரையும் நான்கு தையல் மெஷினும் இருந்தால் அது கம்பெனி. அப்பாவிடம் பதினெட்டு மெஷின் இருப்பதால் நாங்கள் நாலரைக் கம்பெனி. குழந்தைகளுக்கான பனியன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம்.

இன்று சனிக்கிழமை, சம்பள நாள். எனக்குத் தீபாவளியைவிட இதுதான் பிடிக்கும். மதியத்திலிருந்தே ரேடியோ சத்தம் ஏறும். பூக்காரம்மா கேட்டுக்கு வெளியே வந்து உட்காருவார். டீக்கடைக்காரர் வடையை மூட்டையாகக் கொண்டுவருவார். இன்று புதிதாகச் சேர்ந்த அக்காவின் போனை வாங்கி, மாஸ்டரைக் கூப்பிட்டேன். "சார், உங்க கத்தரிக்கோல் லைசென்ஸ் முடிஞ்சிருச்சு. உடனே ரினியூ பண்ணலைன்னா கத்தரிய முடக்கிருவோம்."

"மேடம், ஆயுத பூஜை வரைக்கும் டைம் குடுங்க மேடம்" என்று கெஞ்சினார் மனிதர். கம்பெனியே சிரித்தது. எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் அப்பா. இந்த வித்தை எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

சம்பளம் போட்டு முடித்ததும் அப்பா வழக்கம்போல அந்தக் கதையைச் சொன்னார். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் காதர்பேட்டையில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த ஒருவனை, முதல் நாளே "பக்கத்துக் கம்பெனியில இடதுகை ஊசி இருக்கும், வாங்கிட்டு வா" என்று அனுப்பினார்களாம். அவர்கள் அடுத்த கம்பெனிக்குக் கைகாட்ட, இப்படியே வெயிலில் காதர்பேட்டை முழுக்க அலைந்திருக்கிறான். ஊசியில் ஏது இடது, வலது!

"அவன் பேரு என்னப்பா?"

"பேரு மறந்து போச்சு அம்மிணி."

"மறுநாள் வேலைக்கு வந்தானா?"

"அதும் மறந்து போச்சு."

எத்தனை தடவை கேட்டாலும் இதே பதில்தான்.

இன்னொன்று. எங்களுக்கு நூல் கொடுக்கிற பல்லடம் ராமலிங்கம் மாமாவின் அம்மா நேற்று இறந்துவிட்டார். அப்பா எடுப்புக்குச் சுடுகாடுவரை போய்விட்டு வந்தார். இன்று மாமாவின் ஆபீசிலிருந்து மெயில் வந்திருக்கிறது. கடை அவருடைய அம்மா பெயரில் இருந்ததால் பழைய பேங்க் கணக்கு முடங்குமாம். இந்த ஆர்டருக்கான பணத்தைப் புதுக் கணக்கில் போட வேண்டுமாம்.

எப்போது பணம் போட்டாலும் அப்பா முதலில் ஒரு போன் போடுவார். "சாப்ட்டீங்களாண்ணா? பணம் போட்டு உடறேன்." அதன் பிறகுதான் பேங்க். அம்மா இன்றும் அதைத்தான் சொன்னாள். "ஏனுங், ஒரு வார்த்த கேட்டுக்கலாமில்லீங்?"

"எழவு ஊட்டுக்குப் போனப் போட்டு, அண்ணா உங்க அக்கவுண்டு நெம்பரு சரிதானுங்களான்னு கேப்பாங்களா? மனுசன் அம்மாளக் குடுத்துட்டு உக்காந்திருக்காரு. பதினாறு முடியட்டும்."

 அப்பா சொன்னது அம்மாவுக்கு நியாயமாகத்தான் பட்டது. எனக்கும்.

ஜூலை 7, திங்கள்

அப்பா நூல் பணம் போட்டுவிட்டார். இரவு கொள்ளு ரசம். பிசிக்ஸ் ரெக்கார்டு முடியவில்லை. என் வாழ்வின் பெரும் துயரம் இதுதான்.

ஜூலை 20, ஞாயிறு

மேலே எழுதியிருப்பதைப் படித்தேன். எவ்வளவு சின்னத் துயரம்.

இன்று ராமலிங்கம் மாமா வீட்டில் கருமாதி. பந்தியில் அப்பாவுக்கு அவரே நின்று பரிமாறினார். மொட்டையடித்த தலையில் வேர்வை. கையைத் துடைத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கொழந்தவேலு, தப்பா நெனச்சுக்காத. நூலு ரெடியா இருக்குது. பணம் எப்ப முடியுமோ அப்பப் போடு. நீ போடாமயா போயிருவ, அதான் நானும் கேக்கல."

அப்பா சிரித்தார். "வெளையாடாதீங்கண்ணா. ரெண்டு வாரம் ஆச்சே போட்டு. உங்க ஆபீசு மெயில்ல வந்த புது அக்கவுண்டுக்கு."

"புது அக்கவுண்டா?"

மாமா அப்படிக் கேட்டபோது அப்பாவின் இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். யாரும் போதும் என்று சொல்லவில்லை. இலையைத் தாண்டி வழிந்தது.

அப்பா, துக்க வீடு என்று அக்கவுண்ட் பற்றிக் கேட்கவில்லை. மாமா, துக்கத்தில் இருக்கும்போது பணம் பேசுவது அழகில்லை என்று கேட்கவில்லை. இரண்டு மரியாதைகளுக்கு நடுவே எவனோ ஒருத்தன் பாய் விரித்துப் படுத்திருந்திருக்கிறான்.

துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. நாங்களும் சொல்லவில்லை. அப்பா வீடு வரும்வரை எதையுமே சொல்லவில்லை. அம்மாதான் பஸ்ஸிலிருந்தே சைபர் மோசடிக்கான 1930க்குப் போன் போட்டாள். கணக்கு எண், தேதி எல்லாவற்றையும் கேட்டார்கள். என் கையெழுத்து அழகு என்பதால் புகார் எண்ணை நான்தான் எழுதிக்கொண்டேன். படித்தால் கோழி கிளறியது போல இருக்கிறது. பஸ் குலுக்கல்.

ஜூலை 21, திங்கள்

சைபர் கிரைம் போலீஸ். நான் ஸ்கூலுக்கு லீவு. எனக்கு வயிற்றுவலி என்று அம்மா லீவு லெட்டர் எழுதினாள். பொய் சொன்னால் கரண்டி எறிகிற அம்மா.

விசாரித்தவர் ஒரு பெண் எஸ்.ஐ. அத்தை மாதிரி முகம். மாமாவும் வந்திருந்தார். அவருடைய ஆபீஸ் மெயிலைத் தோண்டிப் பார்த்துவிட்டு எஸ்.ஐ. சொன்னார்:

"உங்க மெயிலுக்குள்ளதான் சார் அவன் ஒரு மாசமா உக்காந்திருக்கான். யாருகிட்ட என்ன வியாபாரம், எப்பப் பணம் வரும், எல்லாம் படிச்சிருக்கான். கடை அம்மா பேருல இருக்குன்னும் தெரிஞ்சிருக்கு. அம்மா தவறினதை எல்லாருக்கும் மெயில்ல அனுப்புனீங்கல்ல? அன்னைக்குக் கதவத் தெறந்துகிட்டு வெளிய வந்திருக்கான்."

மாமா தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "என் ஊட்டுக் கதவு தொறந்து கெடந்துச்சு கொழந்தவேலு. பூந்தது உன் ஊட்டுல."

பணம் போன கணக்கு யாரோ ஒரு காலேஜ் பையனுடையதாம். மாத வாடகைக்கு விட்டிருக்கிறான். வீட்டை வாடகைக்கு விடுவார்கள், சைக்கிளை விடுவார்கள். பாஸ்புக்கை விட்டிருக்கிறான் மகாராஜன். அங்கிருந்து பணம் பல கணக்குகளாகப் பிரிந்து, பிரிந்து, போய்விட்டது.

"அன்னைக்கே தெரிஞ்சு, சில மணி நேரத்துல சொல்லியிருந்தா பெரும்பகுதிய நிறுத்தியிருக்கலாம். ஏன் சார், இவ்ளோ பணம் போடுறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிக் கேக்கலை?"

"எழவு ஊடுங்க" என்றார் அப்பா.

எஸ்.ஐ. எழுதுவதை நிறுத்தினார். பிறகு எங்கள் மூவருக்கும் டீ வரவழைத்தார்.

ஆகஸ்ட் 2, சனி

கடைசிச் சம்பளம்.

நூலுக்குக் கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் பேங்கில் வாங்கிய கடன். மறுபடி நூல் வாங்க வழியில்லை. கப்பல் ஏற வேண்டிய தேதிக்குச் சரக்கு போகாது என்று தெரிந்ததும் வெளிநாட்டுக்காரன் ஆர்டரை ரத்து செய்துவிட்டான்.

எல்லோரும் வரிசையில் நின்று சம்பளம் வாங்கினார்கள். ரேடியோ போடவில்லை. தைத்த பனியனைச் செக்கிங் செய்கிற தனபாக்கியம் அக்கா பணத்தை எண்ணாமல் மடியில் வைத்துக்கொண்டு, "எப்பக் கூப்புட்டாலும் வந்தர்றேனுங் மொதலாளி" என்றார். மாஸ்டர் கத்தரியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். "இதுக்கு லைசென்ஸ் இருக்குல்ல மிருது?" என்று கேட்டார். துணியின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கிக் கட்டிவிட்டேன். 

வெளியே பூக்காரம்மா வழக்கம்போல வந்திருந்தார். பூ அப்படியே கிடந்தது. வடை மூட்டை அவிழவில்லை. எவனோ எங்கோ ஒரு பட்டனை அழுத்துகிறான், எங்கள் தெருவில் மல்லிகை வாடுகிறது. பொருளாதாரம் படிக்கிற தோழி இதற்கு என்னவோ ஒரு பெயர் சொன்னாள். பரீட்சைக்கு வருமாம்.

என் போனைத் தோழியின் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டேன். படிப்புக்கு இடைஞ்சல்.

ஆகஸ்ட் 9, சனி

டியூஷனை நிறுத்திவிட்டேன். அந்த சார் வாயைத் திறந்தாலே எனக்குத் தூக்கம் வருகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அம்மா வளையலைக் கழற்றி வைத்துவிட்டாள். வெயிலுக்குக் கை அரிக்கிறதாம்.

அப்பா தினமும் காலையில் கம்பெனிக்குப் போய்க் கதவைத் திறந்து உள்ளே தனியாக உட்கார்ந்திருக்கிறார். போன் அடித்தால் எடுப்பதில்லை. "நீயும் போய் அங்க உக்காந்து படி" என்று அம்மா என்னிடம் சொன்னாள். நானும் ஸ்கூல் விட்டதும் அங்கேதான் போகிறேன். அங்கே படித்தால் மண்டையில் நன்றாக ஏறுகிறது. இரவில் ஹாலில், வாசல் கதவை ஒட்டித்தான் படுக்கிறேன். அங்கே ஃபேன் காற்று நன்றாக வருகிறது.

பன்னிரண்டு மெஷினை வண்டி வைத்து ஏற்றிப்போய்விட்டார்கள். அவை இருந்த இடத்தில் தரை மட்டும் வெள்ளையாக இருக்கிறது. மூன்றாம் வரிசையில் ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷினுக்கு அடியில்தான் நான் சின்ன வயதில் தூங்குவேன். தலைமாட்டில் வெட்டுத்துணி மூட்டை. மெஷின் நின்றால் விழித்துக்கொள்வேனாம், ஓடினால் தூங்கிவிடுவேனாம். கரண்ட் போனால் மொத்தக் கம்பெனியும் "ஓ" என்று கத்தும். உடனே அப்பா இருட்டில் யாருடைய டிபன் பாக்ஸையாவது எடுத்து இடம் மாற்றி வைப்பார். கரண்ட் வந்ததும், "எவன்டா என் கோழிக் கொழம்பத் தின்னது" என்று சண்டை. அப்பா முதலாளி முகத்தை வைத்துக்கொண்டு பஞ்சாயத்துப் பண்ணுவார்.

இன்று அப்பாவிடம், "கோழிக் கொழம்பு ஞாபகம் இருக்காப்பா?" என்றேன்.

"மத்தவனை ஏமாத்திச் சிரிச்சுட்டே இருந்தேனில்ல அம்மிணி. அதான்."

அதான் என்றால் எதுதான்? கேட்டிருக்கலாம். ஆனால் இயற்பியலில் ஒரு கணக்கு பாதியில் நின்றது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

போன வாரம் தனபாக்கியம் அக்கா மூச்சிரைக்க வந்தார். "அம்மிணி, எம்பேருல வந்த பார்சல்ல கஞ்சா இருக்குதுன்னு போலீசுல இருந்து போன் வந்துச்சு. ஊட்டுக்குள்ளயே இருக்கோணுமாம், யாருகிட்டயும் சொல்லக் கூடாதாம், பணங் கட்டுனா உட்ருவாங்களாம்."

"சொல்லக் கூடாதுன்னா எதுக்குக்கா எங்கிட்டச் சொல்றீங்க?"

"நீ சின்னப்புள்ளதான? உங்கிட்டச் சொன்னா கணக்கில்ல."

நல்லவேளை, நான் கணக்கில் இல்லை. அந்த எண்ணை 1930இல் சொல்லிவிட்டுத் தடை செய்தோம். போனில் கைது செய்கிற போலீஸ் உலகத்தில் கிடையாது என்று அவரை நம்பவைக்க இரண்டு டம்ளர் டீ செலவானது.

அப்போதுதான் தோன்றியது. அக்காவுக்கு யாரும் சொல்லித்தராமல் இல்லை. பேங்கில் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். போஸ்டரைப் பார்த்தால் பயம் வராது, குரலைக் கேட்டால்தான் வரும். பயந்து பழக வேண்டும். பயமுறுத்த ஆள் வேண்டும். ஊரில் அதற்கு என்னைவிட அனுபவசாலி யார்?

தோழியின் போனில் வேலையை ஆரம்பித்துவிட்டேன். பழைய கம்பெனி ஆட்கள் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்: "இனிமே ஏதோ ஒரு நாள் நான் ஏமாத்துவேன். ஏமாந்தா எனக்கு ஒரு வடை." விதி எளிது. யார் பணம் பற்றிப் பேசினாலும், மெயிலில் கேட்டாலும், முதலில் போனை வை. உன்னிடம் இருக்கிற பழைய எண்ணுக்கு நீயாகக் கூப்பிடு. சாப்பிட்டீர்களா என்று கேள். அதன் பிறகும் சந்தேகமாக இருந்தால் நம் கம்பெனிக் கேள்வி: "இடதுகை ஊசி வாங்கப் போனவன் பேரு என்ன?" வெளியாள் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிச் சமாளிப்பான். நம் ஆள் மட்டும்தான், "பேரு மறந்து போச்சு" என்பான்.

முதல் நாளே மாஸ்டரிடம் வடை வாங்கிவிட்டேன். "உங்க கேஸ் மானியம் நின்னுருச்சு" என்றதும் பேங்க் அட்டையைத் தேடப் போய்விட்டார். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது, "ஊசி வாங்கப் போனவன் பேரச் சொல்லுங்க மேடம்" என்றார். மேடம் கட் பண்ணிவிட்டாள்.

அப்பாவை மட்டும் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்று நடந்தது நகைச்சுவையா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

மாலையில் கம்பெனியில் அப்பாவின் போன் அடித்தது. அதிசயமாக எடுத்தார். "சார், சைபர் கிரைம் ஸ்டேஷன்ல இருந்து பேசறேன், உங்க பணத்துல..." என்பதுவரை எனக்கே கேட்டது. கட் பண்ணிவிட்டார். மறுபடி அடித்தது. கட். மறுபடி.

"ஏம்மா, ஒருக்கா ஏமாத்துனது பத்தலியா உங்களுக்கு?" என்று போனுக்குள் கத்திவிட்டு அதைத் துணி மூட்டைக்குள் வீசினார்.  அப்பா கத்தி நான் கேட்டதில்லை.

விதிப்படி நடந்தேன். அந்த எண்ணுக்குத் திரும்பக் கூப்பிடவில்லை. புகார் ரசீதில் இருந்த ஸ்டேஷன் எண்ணுக்கு அடித்தேன். அதே அத்தை முகத்து எஸ்.ஐ.தான் எடுத்தார். "பாப்பா, உங்க அப்பா என்னைத் திட்டிட்டாரு" என்றார். "ஆனா நல்லா திட்டினாரு. எல்லாரும் இப்படித் திட்டினா எனக்கு வேலையே இருக்காது."

விஷயம் இதுதான். பணத்தில் ஒரு பகுதி ஒரு கணக்கில் எடுக்கப்படாமல் நின்றிருக்கிறது. அதை முடக்கி வைத்திருக்கிறார்கள். கோர்ட்டில் மனுப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். பெரிய பகுதி இல்லை. மீதி வராது என்று நேராகவே சொல்லிவிட்டார்.

அப்பாவிடம் சொன்னேன். நம்பவில்லை. ஸ்கூட்டரில் ஸ்டேஷனுக்கே கூட்டிப் போய், எஸ்.ஐ. நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

"நெசமாலுமே நீங்கதானுங்களா?" என்று கேட்டார்.

"சாப்ட்டீங்களா சார்?" என்றார் எஸ்.ஐ.

அவருக்கு நம் விதி எப்படித் தெரியும்? சும்மாதான் கேட்டிருப்பார். அப்பா "இல்லீங்க" என்றார். திரும்பும் வழியில் ஸ்கூட்டரை நிறுத்தி மூன்று புரோட்டா சாப்பிட்டார். ஸ்கூட்டரின் பின்னால் காற்று அதிகம். கண்ணில் தூசி.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மிச்சம் இருக்கும் ஆறு மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், பொரி. போன வருஷம் பதினெட்டுக்கும் பொட்டு வைத்து விரல் மரத்துப்போனது. இந்த வருஷம் சீக்கிரம் முடிந்துவிட்டது. சீக்கிரம் முடிந்ததுதான் பிடிக்கவில்லை.

இனி சொந்த ஆர்டர் இல்லை. ஒரு பெரிய கம்பெனிக்குக் கூலிக்குத் தைக்கப் போகிறோம். தனபாக்கியம் அக்கா வந்துவிட்டார். மாஸ்டர் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார். ஆனாலும் கத்தரியை இங்கே கொண்டுவந்து வைத்துத்தான் கும்பிட்டார்.

ராமலிங்கம் மாமாவும் வந்தார். அவருடைய மெயிலுக்கு இப்போது இரண்டு பூட்டாம். கடவுச்சொல் போட்டாலும் போனுக்கு வருகிற எண்ணையும் போட்டால்தான் திறக்குமாம். பெரிய தொகை என்றால் ஆபீஸில் இரண்டு பேர் சரிபார்க்க வேண்டுமாம். எல்லாம் சொல்லிவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொழந்தவேலு, இன்னிமே எங்கூட்டுல எழவுன்னாலும் கூப்புடு. நானே பாடையில கெடந்தாலும் எம் பையனக் கூப்புட்டுக் கேளு. அதுதான்டா மருவாத."

அப்பா தலையாட்டினார். பொரியில் பொட்டுக்கடலையை மட்டும் பொறுக்கி என் கையில் வைத்தார். நான் ஆறாவது படிக்கும்வரை அப்படித்தான் செய்வார்.

அக்டோபர் 4, சனி

அம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் வீட்டில் கெமிஸ்ட்ரியோடு போராடிக்கொண்டிருந்தேன். அம்மாவின் போன் அடித்தது. தெரியாத எண்.

"மிஸ் மிருதுளாவா? சைபர் பிரிவு, சென்னை. போன் பண்ணிப் பலரை மிரட்டினதா உங்க மேல புகார் இருக்கு. கத்தரிக்கோல் லைசென்ஸ், கேஸ் மானியம். எல்லாம் பதிவாயிருக்கு."

கட்டையான குரல். பின்னால் ஏதோ இரைச்சல்.

"சார், அது... அது சும்மா பயிற்சிக்கு..."

"கதவைச் சாத்துங்க. யார்கிட்டயும் பேசக் கூடாது. நீங்க இப்போ கைதுல இருக்கீங்க."

போனில் கைது கிடையாது. ஊருக்கே சொல்லித்தந்தவள் நான். ஆனாலும் போய்க் கதவைச் சாத்தினேன்.  தாழ்ப்பாளைப் போட்ட பிறகுதான் புத்தி வந்தது. போனை வைத்திருக்க வேண்டும். அதுவும் மறந்துவிட்டது. வாயில் வந்தது இதுதான்:

"சார், இடதுகை ஊசி வாங்கப் போனவன் பேரு என்ன?"

எதிர்முனையில் அந்த இரைச்சல் மட்டும் கேட்டது. பேரு மறந்து போச்சு என்று சொல்வாரா என்று காத்திருந்தேன்.

"நான்தான் அம்மிணி" என்றது குரல். கட்டை எல்லாம் போய், அப்பாவின் குரல். "பேரு கொழந்தவேலு."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா சிரித்தார். அந்தச் சனிக்கிழமைச் சிரிப்பு.

"நீ ஏமாந்ததுக்கு ஒரு வடை, மாஸ்டருகிட்ட நீ புடுங்குனதுக்கு ஒண்ணு. கொண்டா இங்க. ரெண்டும் எனக்குத்தான்."

"அப்பா, மறுநாள் வேலைக்குப் போனீங்களா?"

"அன்னிக்கு ராத்திரி ஊருக்கே ஓடிப்போலாம்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். அத்தன பேரு சிரிச்சாங்க. மறுநாள் போயிட்டேன். சரி, வெய்யி. ஓவர்லாக்குல நூலு அந்துருச்சு, அக்கா கத்துது."

போன் முழுக்கப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல், மெஷின் ஓடும் சத்தம். அதன் அடியிலேயே படுத்து வளர்ந்தவளுக்கு அது பிடிபடவில்லை. கேட்டு நாளாகிவிட்டது, அவ்வளவுதான்.

வடை வாங்கக் கிளம்புகிறேன்.